தொள்ளாயிரமாவது வரி

காலை மணி பதினொன்று இருபது. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, உரக்கடையின் மாடியறையில் நான் முதலில் பார்த்தது ஒரு மனிதரின் இடது காதை. வலது காது கேசட் ரெக்கார்டரின் ஸ்பீக்கர் மீது அழுந்தியிருந்தது. தரையில் ஒருக்களித்து, கண்களை மூடி, மூக்குக்கண்ணாடி பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை ரெக்கார்டர் மூடியிலிருந்த துளைக்குள் விட்டிருந்தார். அதிலிருந்து வந்த சத்தம், தகரத்தின் மேல் ஆணியை நிறுத்தாமல் இழுப்பது போல இருந்தது.

நான் அப்போது ஒரு நாளிதழின் தாலுகா நிருபர். கீழே, உரக்கடையை ஒட்டி டிபன் கடை வைத்திருப்பவர் அனுப்பித்தான் மேலே போயிருந்தேன்.

"போய் இன்னான்னு பாருபா. மூணு நாளா கத்திக்கினே கீது. பூரிய பாதில வச்சிட்டு எழுந்து போறான் கஸ்டமரு. பேப்பர்ல போட்டாத்தான் அந்த ஆளு அடங்குவாரு."

ஒருக்களித்திருந்தவர் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை உயர்த்தி என்னை நிற்கச் சொன்னார். ஸ்க்ரூ டிரைவர் மயிரிழை திரும்பியது. சத்தம் மெலிந்து கூர்மையாகி, எனக்குப் பல் கூசியது. மேசைமேல் இருந்த பழைய டிவியில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடத் தொடங்கின. ஒரு நிமிடம் கழித்து, கட்டங்களால் ஆன ஒரு சின்னக் கார் படம் திரையில் வந்தது. அதன் பிறகே கண்ணைத் திறந்தார்.

"சத்தம்னு சொல்லி அனுப்பிச்சானா கீழ கீறவன்? இது சத்தம் இல்ல தம்பி. எழுத்து."

எண்பதுகளில் வீட்டு டிவியில் மாட்டி ஓட்டும் சிறிய கணினிகள் இருந்தன. எழுதிய புரோகிராமைச் சேமிக்க அவற்றுக்கு மலிவான வேறு வழி இல்லை. அதனால் புரோகிராமை ஒலியாக மாற்றி, பாட்டுக் கேட்கும் சாதாரணக் கேசட்டில் பதிந்து வைத்தார்கள். மறுபடி ஓட்டினால் கணினி அந்த ஒலியைக் கேட்டு எழுத்தாக்கிக்கொள்ளும். ரெக்கார்டரில் டேப்பைத் தொட்டு ஒலியெடுக்கும் முனை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அதற்குப் புரியாது; அதை நிமிர்த்தத்தான் ஸ்க்ரூ டிரைவர். அவரிடம் அப்படிப்பட்ட கணினிகள் ஐந்து இருந்தன. எல்லாம் காயலான் கடைகளில் எடைக்கு வாங்கியவை. கரிந்துபோன பாகங்களை மாற்றி, தேய்ந்த விசைகளுக்கு சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி, ஐந்தையும் ஓட வைத்திருந்தார்.

ஊரில் அவரை டெலிபோன்காரர் என்பார்கள். பெயர் எனக்குத் தெரியும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செத்துப்போன லைனைக் காதில் வைத்து, "மானாம்பதி ரோட்டுல, கல்வெர்ட் தாண்டி ஜாயிண்ட்ல தண்ணி பூந்துடுச்சு" என்பாராம். போய்த் தோண்டினால் தண்ணீர் இருக்குமாம். இதை அவர் சொல்லி நான் கேட்கவில்லை. அவரோடு வேலை பார்த்த லைன்மேன் ஒருவர் சொன்னார். ஓய்வுக்குப் பிறகு போர்வெல் மோட்டார் வைத்திருக்கும் விவசாயிகள் அவருக்கு போன் போட்டு, போனை மோட்டார் பக்கத்தில் நீட்டுவார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். "பேரிங் போச்சு, நிறுத்து" என்பார், அல்லது "ஒண்ணுமில்ல, ஓட்டு" என்பார். காரணம் கேட்டால் சொல்லும் பதில் ஒன்றுதான்: "காது சொல்லுச்சு."

அடுத்த மூன்று ஆண்டுகளில் வாரம் ஒருமுறையாவது அந்த மாடிக்குப் போயிருக்கிறேன். தாலுகா நிருபருக்குக் காத்திருக்கும் நேரம் அதிகம். அவருக்குப் பேச ஆள் வேண்டும் என்று இல்லை, ஆனால் இருந்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார்.

அந்தக் கணினியில் தமிழ் எழுத்து வர வேண்டும் என்று ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டு புள்ளி இடம்தான் உண்டு. 'ட' ஐந்து நிமிடத்தில் முடிந்தது. 'ஞ' பதினாறு நாள் எடுத்தது. நான் பத்திரிகைக்காரன் என்பதால் என்னை வாசல்படியில் நிறுத்தி, திரையைப் படிக்கச் சொல்வார்.

"இன்னா எழுத்து?"

"நசுங்கின கரப்பான் பூச்சி மாதிரி இருக்கு, சார்."

"கரப்பானுக்கு மீசை எங்க கீது? சரியா பாத்து சொல்லு."

கடைசியில் 'ஞ'வுக்கு இரண்டு கட்டம் கொடுத்து ஒப்பேற்றினார். அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலப் பேசினார்.

கேசட்டுக்குப் பதிலாக, விரல்நகம் அளவு மெமரி கார்டிலிருந்து புரோகிராமைக் கணினிக்குள் அனுப்பும் ஒரு மின்பலகையையும் செய்தார். இதற்கு ஒலியே தேவையில்லை. கண் இமைப்பதற்குள் ஏறிவிடும். அவர் அதில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, கேசட் போலவே கத்த வைத்து, ஒன்றரை நிமிடம் மெதுவாக ஏறும்படி மாற்றினார். உலகம் முழுவதும் இந்தக் கணினிகளை நோண்டிக்கொண்டிருக்கும் ஆட்களின் இணையக் குழு ஒன்றில் அதன் வீடியோவைப் போட்டார். சிரித்தார்கள். ஒருவர், இது மின்விளக்கிலிருந்து புகை வரவழைப்பது போல இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதை என்னிடம் படித்துக்காட்டிவிட்டுச் சொன்னார்: "சத்தம் இல்லாம உள்ள போறது இன்னான்னு எப்டி நம்பறது?"

அதே குழுவில் எல்லோரும் பின்பற்றும் ஒரு விதி உண்டு. பழைய கேசட் கைக்கு வந்தால் முதல் ஓட்டத்திலேயே அதை லேப்டாப்பில் பதிந்து கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அதன் பிறகுதான். ஏனென்றால் ஒவ்வொரு ஓட்டத்திலும் டேப்பிலிருந்து கொஞ்சம் பொடி உதிரும், எந்த ஓட்டம் கடைசி என்று முன்கூட்டித் தெரியாது. இந்த விதியை அவர் ஏற்கவில்லை. "முனை கோணலா கீறப்போ புடிச்சா காப்பியும் கோணலாத்தான் கீது. மொதல்ல காது. அப்பறம் காப்பி." அவர் அப்படி மீட்ட கேசட்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒன்றுகூடக் கெட்டதில்லை. அதுவும் உண்மை.

ஒரு நாள் மாலை நான் படியேறும்போதே பழைய டிவிகள் போடும் அந்த மெல்லிய 'ஈ' என்ற ஒலி கேட்டது. ஊசியைக் காதுக்குள் விட்டது போன்ற ஒலி. டிவி ஓடுகிறதா என்று அவர் திரையைப் பார்க்க மாட்டார், இதைத்தான் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். உள்ளே போனேன். திரை இருட்டாக இருந்தது. அவர் பின்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பல ஆயிரம் வோல்ட் ஓடும் இடத்துக்கு அருகே கையைக் கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"சார், டிவி ஓடுது."

"ஆஃப் பண்ணிட்டேனே."

"ஓடுது சார். சத்தம் வருது."

கையை எடுத்தார். சுவரிலிருந்த ஸ்விட்சைப் பார்த்தார். அது போட்டே இருந்தது. எழுந்து அணைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"இத எழுதாத."

நான் எழுதவில்லை. எட்டு நாள் கழித்து, ஞாயிறு இணைப்பில் அவரைப் பற்றி மூன்று பத்திக் கட்டுரை வந்தது. அது ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தது. 'எவ்வளவு பழைய கேசட்டாக இருந்தாலும் காதால் கேட்டே மீட்டுவிடுகிறார்' என்ற வரி அதில் இருந்தது. அலுவலகத்துக்கு போன் செய்து அதை மாற்றச் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

அந்தக் கட்டுரையின் கிழித்த துண்டோடு சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வசந்தா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு எவர்சில்வர் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார். சம்படத்தைத் திறந்தார். கைக்குட்டையில் சுற்றிய ஒரு கேசட். நீல மையில் 'அக்கா' என்று மட்டும் எழுதியிருந்தது.

"என் தம்பி போட்டு குடுத்தது, அண்ணே. மெட்ராஸ்ல பாலிடெக்னிக் படிச்சான். இந்த மாதிரி மிஷினு ஒண்ணு அவன் ஃபிரெண்டாண்ட இருந்துது. அடுத்த லீவுக்கு எட்தாந்து காட்றேன்னு சொல்லிட்டு போனான். மஞ்சகாமாலை. இருவது வயசு."

டெலிபோன்காரர் கேசட்டை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ரெக்கார்டரில் போட்டார். முதலில் வந்தது பேச்சு. கேசட்டில் தேடுவதற்கு வசதியாக, புரோகிராமுக்கு முன்னால் வாயால் பெயரைச் சொல்லிப் பதிவது அந்தக் காலத்து வழக்கம். இந்தப் பையன் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருந்தான்.

"அக்கா. இது டேப்ல கேக்கற சமாச்சாரம் இல்ல. மிஷின்ல போட்டா நம்ம தாயம் ஆட்டம் வரும். நான் வரசொல்ல கொண்டாறேன். இப்ப நிறுத்திடு, இல்லன்னா காது போயிடும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்கப்புறம் கத்தல் தொடங்கியது. டெலிபோன்காரர் இரண்டு நொடி கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"நீ இந்த எடத்துல நிறுத்தி நிறுத்தி கேட்டு கீற. நூறு தடவைக்கு மேல இருக்கும்."

வசந்தா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "உனக்கு எப்டி தெரியும்?"

"சத்தம் அங்க தேஞ்சு கீது. அப்பறம் புதுசா கீது."

"அவன் நிறுத்த சொல்றான் இல்ல. நிறுத்திடுவேன்."

அப்போது நான் நிம்மதியாக மூச்சு விட்டது நினைவிருக்கிறது. காது வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

ஆட்டத்தைப் பற்றி வசந்தா சொன்னது இது. சின்ன வயதில் இருவரும் தினமும் தாயம் ஆடுவார்கள். கட்டையில் ஒன்று விழுந்தால்தான் காயை இறக்க முடியும். தம்பி திரும்பிப் பார்க்கும் நேரம் பார்த்து வசந்தா கட்டையை விரலால் புரட்டி வைப்பார். பல நாள் அது அவனுக்குத் தெரிந்தும் இருக்கிறது.

"ஒரு நாளு இதுக்கெல்லாம் சேத்து உனக்கு கீது பாருன்னு சொல்லுவான். இன்னா பண்ணி வச்சிகிறான்னு பாக்கணும், அண்ணே. திட்டி வச்சிருந்தாகூட சரி."

ஸ்க்ரூ டிரைவர் துளைக்குள் போனது. தேய்ந்த இடத்தில்தான் புரோகிராமின் பெயரும் அளவும் இருந்தன. அது தெளிவாக வராவிட்டால் கணினி மற்றதை ஏற்காது. முதல் ஓட்டத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வரவில்லை. லேப்டாப் அதன் பையிலேயே சுவரோரம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். "காது சொல்லட்டும்" என்றார்.

நான்காவது ஓட்டத்தில் திரையில் ஆங்கில எழுத்தில் 'அக்கா' என்று வந்தது. வசந்தாவுக்கு அந்த நான்கு எழுத்தும் படிக்கத் தெரியும். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நீல மஞ்சள் கோடுகள் ஓடத் தொடங்கின. அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டு, வாட்சைப் பார்த்து, "ஒன்ற நிமிசம்" என்றார்.

ஐம்பதாவது நொடி வாக்கில் கத்தலுக்கு மேலே இன்னொரு ஒலி வந்தது. மிக மெல்லிய கீச்சு. ரெக்கார்டரின் ரப்பர் உருளை டேப்பை இழுக்க முடியாமல் திணறினால் அந்த ஒலி வரும். அடுத்ததாக டேப் உருளையில் சுற்றிக்கொள்ளும். கேசட்டில் பாட்டுக் கேட்டு வளர்ந்த யாருக்கும் இது தெரியும். எனக்குத் தெரியும். அவர் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போகும் என்று அந்தக் கையைப் பார்த்தேன். அது முழங்கால் மேல் அசையாமல் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நொடி. நான் எண்ணினேன். கையைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன்.

கத்தல் முனகலாகி, கோடுகள் நின்றன. அதன் பிறகு அவர் பொத்தானை அடித்தார்.

டேப்பை உருளையிலிருந்து எடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. சாமணத்தால் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். ஓரிடத்தில் அறுந்திருந்தது. அதற்கப்புறம் இரண்டு முழத்துக்கு மிட்டாய்த் தாள் போலக் கசங்கி, பழுப்புப் பூச்சு அவர் விரலில் ஒட்டியிருந்தது.

வசந்தா கேட்டார்: "நடுவுல கீச்சுன்னு ஒண்ணு வந்துதே, அது இன்னா, அண்ணே?"

அவர் சாமணத்தைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு கேட்டுச்சா?"

"கேட்டது சார்."

தலையை ஆட்டிக்கொண்டார். வசந்தாவிடம் சொன்னார்: "எனக்கு கேக்கலம்மா. மெல்லிசு சத்தம் எதுவும் இப்பல்லாம் கேக்கறதில்ல. மொதல்லயே சொல்லி இருக்கணும்."

"நான் அதுவும் தம்பி போட்ட சத்தம்னு நெனச்சேன்" என்றார் வசந்தா.

கீழே டிபன் கடையில் யாரோ ரெண்டு காபி கேட்டார்கள்.

பாதியில் நின்ற புரோகிராமை இந்தக் கணினிகள் காட்டாது, தூக்கி எறிந்துவிடும். வந்த வரைக்கும் பிடித்து வைக்க அவர் தனியாக ஒரு சிறு புரோகிராம் எழுதி ஏற்கெனவே ஓட விட்டிருந்தார். அதனால் முதல் பாதி நினைவகத்தில் இருந்தது. திரையில் வரிவரியாகப் போட்டார். அந்த மொழியில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. போகச் சொன்ன எண்ணில் வரி இல்லாவிட்டால், வேலை முடிந்தது என்று கணினி 'ஓகே' போட்டு நின்றுவிடும். நான் படித்தேன், அவர் வசந்தாவுக்கு விளக்கினார். நூற்று இருபதாவது வரி தாயக் கட்டத்தை வரைகிறது. இருநூறாவது வரி ஆடுபவரின் பெயரைக் கேட்கிறது. இருநூற்று நாற்பதாவது வரியைப் படித்தபோது அவர் என்னை நிறுத்தி, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பெயர் வசந்தா என்றால், தொள்ளாயிரமாவது வரிக்குப் போ.

"வேற யாரு பேரு போட்டாலும் ஆட்டம் நேரா போவுது. உன் பேரு போட்டா மட்டும் தனியா ஒரு எடத்துக்கு போவுது" என்றார்.

"அங்க இன்னா கீது?"

அவர் விசையை அழுத்தி வரிகளை மேலே தள்ளினார். ஐநூறு. ஐநூற்று ஐம்பது. அறுநூற்றுப் பத்து. அதற்குக் கீழே கேள்விக்குறிகள்.

கேசட்டின் மறுபக்கத்தில் சினிமாப் பாட்டுதான் இருந்தது. அறுந்த இடத்தை ஒட்டி, பேச்சை மட்டும் வசந்தாவின் போனில் பதிந்து கொடுத்தார். கேசட்டைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வசந்தா சம்படத்தோடு விட்டுப் போனார்.

அது பதினொரு மாதம் அவரிடம் இருந்தது. கசங்கிய டேப்பை வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, வெந்நீர்ச் சொம்பால் தேய்த்தார். லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்தார். ஒலியைப் படமாக்கி, அலை அலையாகப் பார்த்து, ஒன்றா சுழியமா என்று நோட்டில் பென்சிலால் எழுதினார். குழுவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு முறை சொல்லி அனுப்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை. சில நாட்கள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, தான் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்புவார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம், சார். இல்ல, தாண்டிடுச்சு."

"தாண்டறதுக்கு முன்ன சொல்லணும் தம்பி."

பூச்சு உதிர்ந்த இடத்தில் ஒலி இல்லை. ஒலி இல்லாத இடத்தில் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒருநாள் நான், நீங்களே அந்த வரியை எழுதி ஆட்டத்தை முடித்துக் கொடுத்துவிடலாமே என்றேன்.

"இன்னான்னு எழுத? அக்காவ ஜெயிக்க வுட்டானா, கட்டையே உருளாம பண்ணி அழவுட்டானா? இருவது வயசு பையன் ரெண்டுத்தயும் செய்வான்" என்றார். நோட்டை மூடினார்.

அந்த வாரம் மெமரி கார்டு பலகையைப் பார்த்தேன். ஸ்பீக்கர் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

பிறகு அவர் ஓசூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும் முன் நான்கு கணினிகளைக் குழுவிலிருந்தவர்களுக்குப் பார்சல் அனுப்பினார். ஐந்தாவதைப் பலகையோடும், மீண்ட பாதி ஆட்டம் இருந்த கார்டோடும், வசந்தாவின் சம்படத்தோடும் நான்தான் டூவீலரில் கட்டி சாலவாக்கத்துக்கு எடுத்துப் போனேன். அன்று அவர் பஸ் நிலையத்துக்கு எதிரே நின்று கயிற்றை இழுத்துப் பார்த்தார். "மேடு பள்ளத்துல மெதுவா போ" என்றார். அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போது. டிபன் கடைக்காரர் உள்ளேயிருந்து, "இனிமே நிம்மதியா யாவாரம் பாப்பேன்" என்றார். பிறகு வெளியே வந்து முடிச்சை அவரும் ஒருமுறை இறுக்கினார்.

நெல் கொள்முதல் பற்றி எழுத அந்தப் பக்கம் போனபோது வசந்தாவின் வீட்டுக்குப் போனேன். அரசு கொடுத்த இலவச டிவியில் கணினி மாட்டியிருந்தது. எனக்கு மோர் கொடுத்துவிட்டு அவரே இயக்கிக் காட்டினார். கார்டிலிருந்து சத்தமில்லாமல் ஏறியது. பெயர் கேட்டது. முதலில் என் பெயரை அடித்தார். கட்டை இரண்டு முறை உருண்டு, ஒரு மூன்றும் ஒரு ஐந்தும் விழுந்து, நின்றுபோனது. மறுபடி முதலிலிருந்து போட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு விசையாகத் தேடித் தன் பெயரை அடித்தார்.

திரை வெறுமையானது. அடியில் இடது மூலையில் 'ஓகே' என்று வந்தது.